வேர்ட்பிரஸில் எல்லாரும் அணுகக்கூடிய தமிழ்த் தளம்: எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும்

சமூக மன்றத் தமிழ்க் குழு, கோயில், துணைப்பாட நிலையம், முன்னாள் மாணவர் சங்கம் என்று சிங்கப்பூரில் தமிழ்த் தளம் நடத்துபவர்களில் பலர் தொண்டூழியர்கள். வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து செய்பவர்கள். அவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. உதாரணங்கள் இணையத்தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸிலிருந்து வரும். ஜூம்லாவோ ட்ரூபலோ வைத்திருந்தாலும் வரிசை மாறாது.

அந்த வரிசையில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் ஆயத்த வார்ப்பு) வாங்கி, படமெல்லாம் ஏற்றி, பக்கங்களை எழுதி முடித்துவிட்டு, திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் “பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சரியாக வருகிறதா பாருங்கள்” என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் தீமைக் கழற்ற முடியாது. நூறு படங்களுக்கு விளக்கம் எழுதவும் யாருக்கும் பொறுமை இருக்காது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால் அந்தக் கடைசி வார ஓட்டம் பெரிதும் குறையும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு விண்டோஸ் கணினி, அதில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், இலவசம். கூடவே ஓர் ஆண்ட்ராய்டு போன். அதில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் பொதுவாகவே இருக்கும். இரண்டிலும் தமிழ்க் குரல் வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். தமிழ்க் குரல் இல்லாத கருவியில் தமிழ்த் தளத்தைச் சோதித்தால், தப்பு தளத்திலா கருவியிலா என்று கடைசிவரை தெரியாது.

என்விடிஏ-வை முடுக்கி, தினமும் படிக்கும் ஒரு செய்தித் தளத்தைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். இன்சர்ட் விசையோடு கீழ் அம்பை அழுத்தினால் தொடர்ந்து வாசிக்கும். ‘எச்’ விசை தலைப்புக்குத் தலைப்பு தாவும். இன்சர்ட்டும் எஃப்7-உம் சேர்ந்தால் பக்கத்தின் இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வரும். முதலில் தலை சுற்றும். பேச்சு வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கியவர்களுக்குப் பின்வரும் படிகள் வெறும் விதிகளாகவே தெரிகின்றன.

நேரடித் தளத்தைத் தொடாமல் சோதிக்க ஒரு நகல் தளமும் வேண்டும். அளவுகோலாக, இணைய அணுகல் வசதிக்கான அனைத்துலக விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜி 2.2-இன் ஏஏ நிலையை வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் வந்தது. முழுதும் படித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்தால் தொடங்கவே மாட்டீர்கள்.

2. தீம்: வாங்கும் முன் டேப் விசையால் ஓட்டிப் பாருங்கள்

தீமின் மாதிரிப் பக்கத்தைத் திறந்து, மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். முதல் அழுத்தத்திலேயே ‘உள்ளடக்கத்துக்குச் செல்’ என்பதுபோல ஓர் இணைப்பு தோன்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். துணை மெனு என்டரில் திறந்து எஸ்கேப்பில் மூட வேண்டும்.

இதில் தேறாத தீமை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் உள்ள தப்பை ஒரு நிமிடத்தில் திருத்தலாம். தீமில் உள்ள தப்புக்குக் குறிமுறையில் கைவைக்க வேண்டும். சைல்டு தீம், அதாவது நம் மாற்றங்களை மட்டும் தனியே வைத்திருக்கும் துணைத் தீம், போடாமல் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும்.

வேர்ட்பிரஸின் தீம் தொகுப்பில் ‘ஆக்ஸசிபிலிட்டி ரெடி’ என்று வடிகட்டித் தேடலாம். அங்கிருந்து எடுத்தாலும் டேப் சோதனையை விடாதீர்கள். முகப்பில் தானாக நகரும் ஸ்லைடரை நம்பி நிற்கும் தீம்களை நான் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவேன். ஐந்து விநாடிக்கு மேல் தானாக நகரும் எதற்கும் நிறுத்தும் வசதி வேண்டும் என்பது விதி. அந்தப் பொத்தான் பல ஸ்லைடர்களில் கிடையாது. தலைவர் படம், துணைத்தலைவர் படம், நன்கொடையாளர் படம் என்று ஆளுக்கொரு படமாக ஓடும் ஸ்லைடரை எடுக்கச் சொன்னால் செயற்குழுவில் சண்டை வரும். தீம் தேர்வு நேரத்திலேயே அந்தச் சண்டையைப் போட்டுவிடுவது நல்லது.

3. மொழி அமைப்பு: எழுதத் தொடங்கும் முன்பே

தமிழ்த் தளங்களில் அதிகம் தவறவிடப்படும் படி இதுதான். ஒவ்வொரு பக்கத்தின் குறிமுறையிலும் ‘இந்தப் பக்கம் இன்ன மொழி’ என்று ஓர் அறிவிப்பு இருக்கும். ஸ்கிரீன் ரீடர் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கிறது. பக்கம் முழுதும் தமிழாக இருந்து, அறிவிப்பு ஆங்கிலம் என்று சொன்னால், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் பார்க்கும். சில குரல்கள் எழுத்துகளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும், சில ஒவ்வோர் எழுத்தாகப் பெயர் சொல்லும். கேட்பவருக்கு அங்கே தேதிகளும் தொலைபேசி எண்களும் மட்டுமே மிஞ்சும்.

வேர்ட்பிரஸில் இதற்கான இடம் செட்டிங்ஸ், ஜெனரல், சைட் லாங்குவேஜ். அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் மாற்றிய உடனே நிர்வாகப் பக்கமும் தமிழுக்கு மாறிவிடும். ‘பப்ளிஷ்’ பொத்தானைக் காணோமே என்று பயந்துபோய்த் திரும்ப ஆங்கிலத்துக்கே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேவையில்லை. ஒவ்வொருவரும் தங்கள் புரொஃபைலில் நிர்வாகப் பக்க மொழியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். தளத்தின் மொழி தமிழ், உங்கள் புரொஃபைல் மொழி ஆங்கிலம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

இரண்டு மொழியில் தளம் நடத்துபவர்கள் பாலிலாங் போன்ற பிளக்இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) மூலம் தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்குரிய மொழி அறிவிப்பை அது போட்டுவிடும். மேலே தமிழ், கீழே ஆங்கிலம் என்று ஒரே பக்கத்தில் அடுக்குவது அச்சுத் துண்டறிக்கைப் பழக்கம். கேட்பவர் தனக்கு வேண்டாத பாதியை முழுதும் தாண்டித்தான் வேண்டிய பாதிக்கு வர வேண்டியிருக்கும்.

ஒரு பத்தியில் மட்டும் மொழி மாறினால்? எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கருவிப்பட்டையின் கீழ் அம்பை அழுத்தினால் ‘லாங்குவேஜ்’ என்று ஒரு தேர்வு வரும். நான்கு மொழியில் வரவேற்பு வாசகம் போடும் முகப்புப் பக்கங்களில் ஒவ்வொரு வாசகத்துக்கும் இதைச் செய்யுங்கள். அதற்காக எம்ஆர்டி, பஸ், புளோக் என்று வரும் சொல்லுக்கெல்லாம் மொழி குறிக்க வேண்டாம். ஆள்பெயர், இடப்பெயர், பேச்சில் ஊறிப்போன சொற்களுக்கு விதியிலேயே விலக்கு உண்டு.

4. பழைய எழுத்துருவில் இருப்பதை முதலில் மாற்றுங்கள்

பழைய மலர்கள், ஆண்டறிக்கைகள், கோயில் நிகழ்ச்சி நிரல்கள் பலவும் பாமினி போன்ற, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையைப் பின்பற்றாத எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே. பாமினியில் அடித்த ‘அம்மா’வை ஸ்கிரீன் ரீடரிடம் கொடுத்தால் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்றுதான் அதற்குத் தெரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி, பிடிஎஃப்பிலிருந்து இரண்டு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் முதல் கண்டம் தாண்டியது. குப்பையாக வந்தால் இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் இடங்கள் இருக்கும்.

எல்லாப் பழைய கோப்பையும் மாற்ற ஆள் இல்லை என்றால், மக்கள் இன்றும் தேடி வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விதிமுறை, கட்டணம், வகுப்பு நேரம். இவற்றைப் பிடிஎஃப்பாக வைக்காமல் நேராகப் பக்கமாகவே எழுதிவிடுவது மேல். போனில் படிப்பவருக்கும் அதுதான் வசதி.

5. நிறமும் எழுத்தும்

வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல்தான் தேறும் எல்லை. அதைவிட வெளிறினால் தேறாது.

நம் தளங்களில் மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் இருக்காது. சுத்தச் சிவப்பின்மேல் சுத்த மஞ்சள் எழுத்து வைத்தால் வேறுபாடு சுமார் 3.7:1, சிறிய எழுத்துக்குப் போதாது. அதே மஞ்சளை #800000 என்ற அரக்குச் சிவப்பின்மேல் வைத்தால் 10:1-ஐத் தாண்டிவிடும். மங்கலமும் கெடவில்லை, படிக்கவும் முடிகிறது. காவிமேல் வெள்ளை எழுத்து மட்டும் எப்படிப் பார்த்தாலும் தேறுவது கடினம். எழுத்தைக் கறுப்பாக்குங்கள்.

நிறங்களை முடிவுசெய்ததும் தீமின் வண்ணத் தட்டில் அவற்றை மட்டும் வைத்து, விருப்ப நிறம் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தீமின் அமைப்புக் கோப்பில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கு யாராவது இளஞ்சிவப்பில் ஒரு பக்கம் போடுவார்.

தமிழுக்கென்று இன்னும் இரண்டு. ஒன்று, வரி இடைவெளி. மேலே விசிறியும் கீழே சுழியும் மோதாமல் இருக்க எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காவது வையுங்கள். மற்றொன்று, சொல் நீளம். ஆங்கிலத்தில் ‘ரெஜிஸ்டர்’ என்று எட்டு எழுத்தில் அடங்கிய பொத்தானில் ‘பதிவுசெய்துகொள்ளுங்கள்’ அடங்காது. பொத்தானுக்கு உயரமும் அகலமும் நிரந்தரமாக வைத்த தீமில் எழுத்து வெளியே வழியும், அல்லது பாதி வெட்டுப்படும். 1280 பிக்சல் அகலத் திரையில் 400 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். 320 பிக்சல் அகலப் போன் திரைக்கு அது சமம். பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும்.

6. தலைப்பு நிலைகள்

பக்கத்தின் பெயரைத் தீம் பொதுவாக முதல்நிலைத் தலைப்பாகப் போட்டுவிடும். ஆகவே உள்ளே எழுதுவது ஹெடிங் 2-இலிருந்து தொடங்கட்டும், அதன் கீழ்ப் பிரிவுக்கு ஹெடிங் 3.

வழக்கமான பிழைகள் இரண்டு. ஹெடிங் 2-இன் எழுத்து பெரிதாக இருக்கிறது என்று ஹெடிங் 4-ஐத் தேர்ந்தெடுப்பது. சாதாரணப் பத்தியைத் தடித்த எழுத்தாக்கித் தலைப்பு என்று விடுவது. ‘எச்’ விசையால் தாவுபவருக்கு முதலாவதில் குழப்பம், இரண்டாவதில் தலைப்பே இல்லை. எடிட்டரின் டாக்குமென்ட் ஓவர்வியூவில் ‘அவுட்லைன்’ பகுதியைத் திறந்தால் தலைப்புகள் வரிசையாகத் தெரியும். அதை மட்டும் படித்தே பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் போதும்.

7. படங்களும் சுவரொட்டிகளும்

மாற்று உரையை, அதாவது படத்துக்கான எழுத்து விளக்கத்தை, மீடியா லைப்ரரியில் ஏற்றும்போதே எழுதுங்கள். காரணம் உண்டு. பக்கத்தில் படத்தைச் செருகும் நொடியில் அந்த விளக்கம் நகலாகிப் பக்கத்துக்குள் போய்விடும். அப்புறம் லைப்ரரியில் திருத்தினாலும் ஏற்கெனவே செருகிய படத்தில் மாறாது. பிறகு மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திருத்த நேர்கிறது.

என்ன எழுதுவது? படம் அந்தப் பக்கத்தில் எதற்காக இருக்கிறதோ அதை. தைப்பூசப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலை மூடல் அறிவிப்புப் பக்கத்தில் ‘சிராங்கூன் சாலையில் தடுப்புகளுக்கு நடுவே செல்லும் காவடிகள்’ என்பது பொருத்தம். அதே படம் தொண்டூழியர் அழைப்புப் பக்கத்தில் இருந்தால் ‘காவடி எடுப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கும் இரண்டு இளையர்கள்’. ‘படம்’, ‘புகைப்படம்’ என்று தொடங்க வேண்டாம். அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். வெறும் கோலக் கரை, பூ வரிசை என்றால் விளக்கத்தைக் காலியாக விடுங்கள்.

காலியாக விடவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது: இணைப்பாக இருக்கும் படம். ஆதரவாளர் சின்னங்களை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றிலும் அவர்கள் தளத்துக்கு இணைப்பு கொடுத்திருப்பார்கள். விளக்கம் இல்லையென்றால் ஸ்கிரீன் ரீடர் இணைய முகவரியை எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கிவிடும். நிறுவனத்தின் பெயரை எழுதினால் முடிந்தது.

இனி சுவரொட்டி. வாட்ஸ்அப்பில் சுற்றிய பொங்கல் விழாப் படத்தை அப்படியே பக்கத்தில் ஒட்டிவிட்டு, அறிவிப்பு போட்டாயிற்று என்று நினைப்பது நம்மிடையே தொற்றுநோய். நாள், நேரம், இடம், கட்டணம், தொடர்பு எண் எல்லாம் படத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பார்க்க முடியாதவருக்கு அங்கே ஒன்றுமில்லை. பார்க்க முடிந்தவருக்கும் போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கும் வேலை. தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது, கூகிளில் தேடினாலும் வராது. விவரங்களை முதலில் எழுத்தாகப் போட்டுவிட்டு, கீழே சுவரொட்டியை வையுங்கள். படத்தின் விளக்கத்தில் ‘பொங்கல் விழாச் சுவரொட்டி, விவரங்கள் மேலே’ என்பது போதும். முழு வாசகத்தையும் அந்தப் பெட்டிக்குள் திணிப்பவர்களும் உண்டு. அதை நிறுத்தி நிறுத்திக் கேட்க முடியாது, தலைப்பாகத் தாவவும் முடியாது.

8. இணைப்பு, அட்டவணை, காணொளி

இணைப்புகளைப் பட்டியலாகக் கேட்பவருக்கு ‘மேலும் படிக்க, மேலும் படிக்க, இங்கே சொடுக்கவும்’ என்று வந்தால் எது எங்கே போகிறது என்று தெரியாது. ‘உயர்நிலை 2 வகுப்பு அட்டவணை’ என்று போகுமிடத்தையே எழுதுங்கள்.

வகுப்பு நேரத்தை எக்செலிலிருந்து படம் பிடித்து ஒட்டாதீர்கள். டேபிள் பிளாக்கில் போட்டு, ‘ஹெடர் செக்‌ஷன்’ தேர்வை முடுக்குங்கள். அப்போதுதான் ‘சனிக்கிழமை, காலை 10 மணி’ என்று தலைப்போடு சேர்த்து வாசிக்கும்.

காணொளிக்கு வசன வரிகள் வேண்டும். தானாக வருவதை அப்படியே விடாதீர்கள். ஆங்கிலமும் மலாயும் கலந்த நம் பேச்சை அது என்னென்னவோ ஆக்கிவிடும்.

9. பதிவுப் படிவம்

படிவத்தில் தடுமாறினால் அவர் நிகழ்ச்சிக்கே வர முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே நிரந்தரமாக ஒரு பெயர் வேண்டும். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் ‘உங்கள் பெயர்’ என்று போட்டால், தட்டத் தொடங்கிய உடனே மறைந்துவிடும். பாதியில் போன் மணி அடித்துத் திரும்பி வருபவருக்கு எது எந்தப் பெட்டி என்று தெரியாது.

பிழை வந்தால் பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது. ‘தொலைபேசி எண்ணில் 8 இலக்கங்கள் வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லுங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டியைக் கட்டாயமாக்காதீர்கள். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன் வரும் சாய்கோட்டை ‘தவறான குறி’ என்று தள்ளிவிடும் படிவத்தை நம் ஆட்களே நம் ஆட்களுக்குச் செய்து வைத்திருப்பதுதான் எரிச்சல். ‘முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி போதும்.

ஸ்பேம் வராமலிருக்கப் போக்குவரத்து விளக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் படப் புதிர் வேண்டாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைத்து, அதை நிரப்பும் இயந்திரத்தைப் பிடிக்கும் முறையைப் பல படிவப் பிளக்இன்கள் தருகின்றன. சிறிய சங்கத்துக்கு அது தாராளம்.

10. ‘ஒரு வரி சேர்த்தால் போதும்’ என்னும் பிளக்இன்கள்

மூலையில் சக்கர நாற்காலி பொம்மையோடு ஒரு பொத்தான் வரும், எல்லாம் தானாகச் சரியாகும் என்று விற்பார்கள். வாங்காதீர்கள். சுவரொட்டிக்குள் மாட்டிய எழுத்தையும் பாமினிக் கோப்பையும் அந்தப் பொத்தான் சரிசெய்யாது. ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவரிடம் அவருக்குப் பழகிய கருவி ஏற்கெனவே இருக்கிறது. இது குறுக்கே வந்து நிற்கும். இப்படி மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததற்காக ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 2025-இல்.

11. சோதனை: கை முதலில், கருவி பிறகு

முதலில் விசைப்பலகை மட்டும் வைத்து முகப்பிலிருந்து பதிவுப் படிவத்தை அனுப்புவதுவரை போங்கள். அடுத்து 400 விழுக்காடு பெரிதாக்கி அதே பாதை. அப்புறம் போனில் டாக்பேக்கை முடுக்கி, திரையை அணைத்தாற்போல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அதே பாதை.

இதற்குப் பிறகுதான் தானியங்கிக் கருவி. வேவ், ஆக்ஸ் இரண்டும் உலாவியில் சேர்க்கலாம், ஒரு பக்கத்தைப் பார்க்கும். முழுத் தளத்தையும் ஓட்டிப் பார்க்கச் சிங்கப்பூரின் கவ்டெக் அமைப்பு ‘ஊபீ’ என்ற திறமூலக் கருவியை வெளியிட்டிருக்கிறது. முன்பு பர்ப்பிள் என்ற பெயரில் இருந்தது. இலவசம்.

கருவியை முதலில் ஓட்டினால் வரும் ஆபத்து, பச்சை நிறத்தைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றிவிடும். மொழி அறிவிப்பு இருக்கிறதா என்று கருவி பார்க்கும். ஆங்கிலம் என்று அறிவித்த பக்கத்தில் இருப்பது தமிழ் என்று சொல்லாது. மாற்று உரை இருக்கிறதா என்று பார்க்கும். ‘வாட்ஸ்அப் இமேஜ் 3’ என்பது விளக்கமா என்று கேட்காது.

முடிந்தால் ஸ்கிரீன் ரீடர் தினமும் பயன்படுத்தும் தமிழர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள், அவருடைய நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

12. ஒப்படைக்கும்போது

தளத்தைக் கட்டியவர் போய்விடுவார். வாராவாரம் பதிவிடுபவர் வேறொருவர். அவரிடம் விதிப்பட்டியலை நீட்டினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. அதற்குப் பதில் ‘நிகழ்ச்சி அறிவிப்பு’ என்று ஒரு பேட்டர்ன், அதாவது திரும்பத் திரும்பச் செருகக்கூடிய ஆயத்த அமைப்பு, செய்து கொடுங்கள். நாள், நேரம், இடம், கட்டணம், பதிவு ஆகிய ஹெடிங் 2 தலைப்புகள் முன்கூட்டியே இருக்கும். சுவரொட்டிக்கான இடம் கடைசியில் இருக்கும். பிளாக்குகளை நகர்த்தவோ நீக்கவோ முடியாதபடி பூட்டும் வசதியும் உண்டு. வெற்றிடத்தை நிரப்பினாலே பக்கம் சரியாக வந்துவிடும்.

பதிவிடுபவர்களுக்கு ‘எடிட்டர்’ பொறுப்பு போதும், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ வேண்டாம். புதுப் பிளக்இன் சேர்ப்பதும் தீம் மாற்றுவதும் ஒருவர் கையில் இருக்கட்டும். தீமுக்குப் பெரிய அப்டேட் வந்தால் முதலில் நகல் தளத்தில் போட்டு, முகப்பிலிருந்து பதிவுப் படிவம்வரை டேப் விசையால் ஒருமுறை ஓட்டிவிட்டு, அதன்பிறகு நேரடித் தளத்தில் போடுங்கள்.